வெள்ளை யானைக்கு யார் தீனி போடுறது?

மாசி, பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து காசு கைக்கு வரும். அந்த நேரம் பார்த்துத்தான் ஈச்சிலம்பற்றுப் பக்கம் யானையும் வரும். காட்டு யானையைச் சொல்லவில்லை. அதற்கு வெடி கொளுத்தலாம், கூட்டமாய்ச் சத்தம் போட்டுத் துரத்தலாம். நான் சொல்வது லொறியில் ஏறி வாசல் வரைக்கும் வந்து இறங்கும் யானை. இரண்டு கதவு ஃபிரிட்ஜ், கண்ணாடி பதித்த ஷோகேஸ், கூடம் முழுக்க அடைக்கும் செட்டி, லீசிங்கில் ஒரு ஆட்டோ. "முதல்ல கொஞ்சம் கட்டினால் போதும் அக்கா, மிச்சத்தை மாதா மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். மாதா மாதம் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

தங்கச்சிமாரே, இந்த மாதிரிச் சாமானுக்கு ஆங்கிலத்தில் 'வைட் எலிஃபன்ட்' என்று பெயர். வெள்ளை யானை. மத்தள விமான நிலையத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர் எழுதும்போதெல்லாம் இந்தச் சொல் வந்துவிடும், பார்த்திருப்பீங்க. விலை கூடிய எல்லாச் சாமானும் வெள்ளை யானை ஆகாது. வைத்திருக்கச் செலவாக வேண்டும், அந்தச் செலவுக்கு ஏற்ற பிரயோசனம் இருக்கக்கூடாது, அதே நேரம் கைவிடவும் ஏலாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை யானை. பழைய உழவு மெஷின் ஒன்று எவ்வளவு டீசல் குடித்தாலும் வயலை உழுது தந்தால் அது கணக்கில் வராது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். சியாம் நாட்டு அரசனுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்து அரசனுக்கு, ஓர் அதிகாரியைப் பிடிக்கவில்லை என்றால் அவனுக்கு வெள்ளை யானை ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிடுவானாம். அரசன் தந்ததை வேண்டாம் என்று சொல்ல ஏலாது. புனிதமான மிருகம், வேலையும் வாங்க முடியாது. விற்கவும் கூடாது. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும், 100 லீற்றருக்கு மேல் தண்ணி குடிக்கும். தீனி போட்டுப் போட்டே அந்த அதிகாரி ஆண்டியாகிவிடுவான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைச் சாமானுக்கு வைத்துப் பேசுகிற வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது.

கதை நல்ல கதைதான். ஆனால் எந்த அரசனும் அப்படிக் கொடுத்ததாகச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை. நடந்தது நேர்மாறு. பர்மாவிலும் சியாமிலும் வெள்ளை யானை கிடைத்தால் அரசன் அதை யாருக்கும் விடமாட்டான். அது இருக்கும் நாட்டில் மழை பெய்யும், அந்த அரசன் தருமவான் என்பது நம்பிக்கை. புத்தர் பிறக்குமுன் மாயாதேவி கண்ட கனவிலும் வெள்ளை யானைதான் வந்தது. 1580களில் பெகு நகரத்துக்குப் போன ரால்ஃப் ஃபிட்ச் என்ற ஆங்கில வியாபாரி, அங்கே அரசனின் வெள்ளை யானைகள் வெள்ளிப் பாத்திரத்தில் தின்பதைப் பார்த்து எழுதிவைத்தார். திரும்பும் வழியில் 1589இல் அவர் நம் கொழும்புக்கும் வந்து போயிருக்கிறார்.

அதுக்கும் முந்தி, 1563இல், ஒரு யுத்தமே நடந்தது. சியாமின் அயுத்தயா அரசன் மகா சக்கரபத்திடம் ஏழு வெள்ளை யானை இருந்தது. பர்மிய அரசன் பயின்னாங் இரண்டைத் தா என்று கேட்டு ஆளனுப்பினான். சக்கரபத் மறுத்தான். படை வந்தது. அடுத்த வருசம் அயுத்தயா பணிந்தபோது இரண்டுக்குப் பதில் நாலு யானை கொடுத்து, இளவரசனையும் பிணையாக அனுப்ப வேண்டி வந்தது.

எனக்கு அந்த அதிகாரி கதையைவிட இந்த யுத்தக் கதைதான் பிடிக்கும். வெள்ளை யானையை யாரும் நம் தலையில் கட்டிவிடுவதில்லை. சண்டை பிடித்து, கடன்பட்டு, மற்றவன் வீட்டில் இருக்கிறதே என்று நாமேதான் கொண்டுவந்து கட்டுகிறோம்.

நம் சமயத்தில் வெள்ளை யானைக்கு மரியாதைதான். இந்திரனின் ஐராவதம் வெள்ளை. திருவஞ்சைக்களத்தில் இருந்து சுந்தரமூர்த்தி நாயனார் கயிலைக்குப் போனது வெள்ளை யானையில். பெரியபுராணத்தின் கடைசிச் சருக்கத்துக்கே வெள்ளானைச் சருக்கம் என்று பெயர். ஆடிச் சுவாதியில் குருபூசை செய்கிற வீடுகளில் ஆங்கிலப் பாடம் படிக்கிற பிள்ளை குழம்பிப்போவது இதனால்தான். "அம்மா, நாயனார் ஏறிப்போனது வீண் செலவா?" என்று கேட்டால் அடிக்காதீங்க. சிவபெருமான் யானையை அனுப்பியதோடு தீனியை நாயனார் தலையில் போடவில்லை என்று சொல்லிவிடுங்க.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளை யானை என்றால் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருக்காது. மங்கிய செம்மண் நிறம், நனைந்தால் இளஞ்சிவப்பு. 1884இல் பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர் பர்மாவில் இருந்து 'தூங் தாலூங்' என்ற வெள்ளை யானையைப் பெரும் விலைக்கு நியூயோர்க்குக்குக் கொண்டுவந்தார். சனம் பார்த்துவிட்டு முகம் சுளித்தது. சாம்பல் யானைக்கு அங்கங்கே ரோஸ் நிறத்தில் திட்டு, அவ்வளவுதான். அவருக்குப் போட்டியாக ஃபோர்பா என்ற இன்னொரு சர்க்கஸ்காரர் சாதாரண யானைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக் காட்டினார். கூட்டம் பெயின்ட் அடித்ததையும் பார்க்க ஓடியது! கடையில் லைட் போட்டு மினுக்கி வைத்திருக்கிற ஷோகேசுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு ஃபோர்பா ஞாபகம் வரும்.

விலையைக் கேட்காதீங்க, தீனியைக் கேளுங்க

விலை ஒருநாள் செலவு. தீனி எல்லா நாளும். ஃபிரிட்ஜையே எடுப்போம், அது எல்லா வீட்டிலும் வருகிற ஆசை. ஆசைப்படுவதில் பிழையும் இல்லை. நம் வெயிலுக்கு மீனும் பாலும் எத்தனை மணித்தியாலம் தாங்கும்? ஆனால் வாங்குமுன் பழைய கரண்ட் பில்லை எடுத்து எத்தனை யூனிட் என்று பாருங்க. கரண்ட் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு பட்டியல், 60ஐத் தாண்டினால் வேறு பட்டியல். தாண்டிய நாலைந்து யூனிட்டுக்கு மட்டும்தான் கூடக் காசு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதல் யூனிட்டில் இருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். இப்போது உங்கள் வீட்டில் 40 யூனிட் என்று வையுங்க. பழைய பெரிய ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட் இழுத்தாலே 70க்குப் போய்விடும். அரைவாசி விலைக்குக் கிடைத்த பழைய ஃபிரிட்ஜ் பல வீட்டில் யானையாவது இப்படித்தான்.

2022 ஓகஸ்டில் கரண்ட் கட்டணம் சராசரி 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். பிறகு குறைத்தும் மாற்றியும் வருகிறார்கள். இன்றைக்குத் தீனி போட முடிந்த யானைக்கு நாளைக்கும் போட முடியும் என்று இல்லை. ஆகவே புதிதென்றால் சின்னதாய், மின் குறைவாய் எடுப்பதை எடுங்க. பழையது என்றால் விற்கிறவர் வீட்டிலேயே ஒரு இரவு மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, படுக்கும்போதும் விடிந்ததும் மீற்றரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்க. கோபித்தால் கோபிக்கட்டும்.

ஆட்டோ, மோட்டார் சைக்கிள் என்றால் தவணை மட்டும் தீனி இல்லை. காப்புறுதி, வருசாவருசம் அனுமதிப்பத்திரம், அதற்கு முன் புகைச் சான்றிதழ், டயர், எண்ணெய் மாற்றுவது எல்லாம் ஒரு தாளில் எழுதி 12ஆல் பிரித்துத் தவணையோடு கூட்டுங்க. பிறகு மாதத் தவணையை எத்தனை மாதம் என்பதால் பெருக்கிப் பாருங்க. விற்கிறவர் கல்குலேட்டரில் அந்தத் தொகையைத் தானாகக் காட்டமாட்டார்.

பழுதுபார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதும் தீனிதான். நம் பக்கத்தில் ஒன்று உடைந்தால் மூதூர், அங்கேயும் இல்லையென்றால் திருகோணமலை. தானாகத் துவைக்கிற வாஷிங் மெஷின் ஒன்றுக்குள் இருக்கிற போட் கெட்டுப்போனால் மெஷினை ஏற்றி இறக்குகிற கூலியே வலிக்கும். கிணற்றுத் தண்ணி அள்ளுகிற வீட்டில் அதற்கு முதலில் மோட்டாரும் மேலே தாங்கியும் வேண்டும். அதாவது ஒரு யானை வாங்கினால் குட்டி இரண்டு கூட வரும்.

உண்மையான மிருகத்திலேயே நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். 2017இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் இருந்து நம் நாட்டுக்கு 5,000 கறவைப் பசுக்கள் கப்பலில் வந்தன. நாட்டுக்குப் பால் தன்னிறைவு என்ற நல்ல நோக்கம். கடனெடுத்து வாங்கிய பண்ணையாளர்கள் பலருக்குக் கதை வேறாக முடிந்தது. மாடு நோய்ப்பட்டது, சில செத்தன, சொன்ன அளவு பால் வரவில்லை. அந்த இனத்துக்குக் காற்றோட்டமான தொழுவம் வேண்டும், விலை கூடிய தீனி வேண்டும், ஓடி வர மிருக வைத்தியர் வேண்டும். நம் பட்டி மாடு பகல் முழுக்கத் தானே மேய்ந்து வரும். எருமை வெருகல் ஆற்றுப்பக்கச் சேற்றில் கிடந்து எழும்பித் தயிருக்குப் பால் தரும். அளவு குறைவு, உண்மை. ஆனால் அதற்காக யாரும் லோன் கட்டவில்லை. நல்லின மாடு தருகிறோம் என்று யார் வந்தாலும் "புல்லுக்கும் வைத்தியருக்கும் ஒரு வருசத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று முதலில் கேளுங்க. ஏற்பாடு இருந்தால் தாராளமாய் எடுங்க.

சும்மா வந்தாலும்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுக்க வள்ளம் வந்தது. எத்தனையோ கைகள் மனமிரங்கித் தந்தவை, அதில் பலரின் பிழைப்பு மீண்டது. ஆனால் சில இடத்தில் தேவைக்கு மேலே குவிந்தது, சில வள்ளம் கடலுக்குத் தாங்காத வேலைப்பாடு. களப்பில் வலை போடுகிறவருக்கு ஆழ்கடல் வள்ளம் கிடைத்தால் எஞ்சின் எண்ணெய்க்கு எங்கே போவது? தருகிற கையிடம் "எங்களுக்கு இது வேண்டாம், வலை தாங்க" என்று சொல்லக் கூச்சம். அந்த அதிகாரி அரசனிடம் கூசிய மாதிரித்தான்.

கூச்சத்தை விட்டுக் கேட்கப் பழகுங்க. நிறுவனம் ஒன்று கூட்டம் வைத்து என்ன வேண்டும் என்று கேட்கும்போது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னதையே சொல்லாமல் உங்கள் வீட்டுத் தேவையை எழுதிக் கொடுங்க. தையல் மெஷின் எல்லோருக்கும் கிடைத்தால் ஊரில் தைக்கக் கொடுக்க ஆள் இருக்காது. கலியாணப் பரிசுக்கும் இதே முறை. வெளிநாட்டில் இருக்கிற மாமா "என்ன வேணும் பிள்ளை?" என்று கேட்டால் "உங்க விருப்பம் மாமா" என்று சொல்வது நாகரிகம்தான், ஆனால் அந்த நாகரிகம்தான் கரண்ட் அடுப்பைக் கூடத்தில் கொண்டுவந்து வைக்கும்.

வீடு

இதில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு இருக்கிறது. வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டோம். யுத்தம் முடிந்த பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டுகிற பொறுப்பு குடும்பத்துக்கே என்று வந்தது. 550 சதுர அடி அளவு. 2006இல் சண்டைக்குப் பயந்து கட்டின துணியோடு ஓடிப் போய் வந்த சனத்துக்கு அது எப்பேர்ப்பட்ட கொடை என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் பல குடும்பம் செய்தது என்ன? ஒருமுறைதானே கட்டுகிறோம், கொஞ்சம் பெரிசாய்க் கட்டுவோம் என்று அத்திவாரத்தை அகலமாக்கினார்கள். முன்னுக்குப் போர்ட்டிகோ, வளைவுத் தூண். கொடுத்த காசு சுவரோடு நின்றது. மிச்சத்துக்கு நகை அடகு, வட்டிக் காசு, வாரா வாரம் கட்டுகிற நுண்கடன். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்கிற அளவுக்கு அந்தக் கடன்கள் கழுத்தை நெரித்தன. கடன் எல்லாம் வீட்டால் வந்தது என்று சொல்லமாட்டேன். வீட்டாலும் வந்தது.

பெரிய வீடு கட்டக்கூடாது என்று நான் சொன்னால் என் சொந்தச் சித்தியே என்னோடு கதைக்கமாட்டா. ஆகவே வேறு மாதிரிச் சொல்கிறேன். அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கிற அன்றைக்கே கூரை, கதவு, கக்கூஸ், கரண்ட் வயர் வரைக்கும் மேசனோடு இருந்து எழுதுங்க. கையில் உள்ள காசுக்கு முழுதாய் முடிகிற அளவை மட்டும் முதலில் எழுப்புங்க. இரண்டு அறை, ஒரு குசினி, பூட்டுகிற கதவு. பின்னால் கூட்ட வேண்டிய பக்கத்தில் சுவரில் கதவளவு இடம் விட்டு, அதைச் சும்மா கல்லால் அடைத்து வைக்கச் சொல்லுங்க. மகளுக்குக் கலியாணம் ஆகி மருமகன் உழைக்க ஆரம்பித்த பிறகு அந்த வாசலைத் திறந்துகொள்ளலாம்.

விட மனமில்லாத சாமான்

கிண்ணியாப் பாலத்தால் திருகோணமலைக்குப் போகும்போது சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்த் தாங்கிகளைக் கேள்விப்பட்டிருப்பீங்க. வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டினது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோ லீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் குண்டு போட்ட அன்று ஒன்று எரிந்தது. 99 மிச்சம். 1957இல் பிரித்தானியக் கடற்படை போனது, அதோடு அத்தனை எண்ணெய்க்கும் தேவை போனது. இந்தியாவோடு சேர்ந்து திருத்துவோம் என்று 1987இல் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனி வந்து கொஞ்சத்தைப் பாவிக்கத் தொடங்கியது. மேல்பக்கத் தாங்கிகள் பெரும்பாலும் மரம் மூடிக் கிடந்தன, யானை உரசிப் போனது. 2022 ஜனவரியில்தான் 61 தாங்கிகளைக் கூட்டு நிறுவனத்துக்கும், 14ஐ இந்தியக் கம்பனிக்கும், 24ஐ நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் என்று பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

இது வெள்ளை யானையா? எல்லோருக்கும் வேண்டும், யாரும் முழுதாய் நிரப்பவில்லை, யாரும் விடவும் இல்லை. பயின்னாங் கேட்ட யானை மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. மத்தளவில் அப்படிச் சந்தேகம் வராது. 209 மில்லியன் டொலர், வருசத்துக்கு 10 இலட்சம் பயணிகளுக்கு என்று 2013 மார்ச்சில் திறந்தார்கள். பிளேனை விட மானும் யானையும்தான் அதிகம் வந்தது. 2016இல் ஓடுபாதையைச் சுற்றி நின்ற மிருகங்களை விரட்ட 300க்கு மேற்பட்ட படையினரையும் பொலிசாரையும் இறக்கினார்கள்.

நாட்டுக்கே இந்தக் கதி என்றால் வீட்டில் வெட்கப்பட என்ன இருக்கிறது? "அப்பா வாங்கினது", "இவ்வளவு காசு கொடுத்தாச்சே", "சனம் என்ன சொல்லும்" என்ற மூன்று வார்த்தையாலும்தான் சாமான் மூலையில் கிடந்து துருப்பிடிக்கிறது. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது கறுப்பு யானைக்கு. வெள்ளை யானை வேலை செய்கிற நிலையில் இருக்கும்போதே போனால்தான் காசு. ஒரு வருசம் தொடாத சாமானை உள்ளே இன்னும் உயிர் இருக்கும்போது விற்றுவிடுங்க. பெட்டி, பில், உத்தரவாத அட்டை மூன்றும் கைவசம் இருந்தால் விலை கூடும். அதனால் வாங்கிய அன்றே மூன்றையும் ஒரு பையில் கட்டி அல்மாரிக்கு மேலே போடுங்க.

விற்க மனமில்லாதவர்களுக்கு வெள்ளைக்காரன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அவர்களின் சேர்ச் விற்பனை நாளில் 'வெள்ளை யானைக் கடை' என்று ஒரு மேசை போடுவார்கள். தனக்கு வேண்டாத சாமானை ஒவ்வொருவரும் கொண்டுவந்து வைப்பது, மற்றவர் சில்லறை விலைக்கு எடுப்பது, காசு பொதுவுக்கு. நம் பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ இதைச் செய்யலாம். ஒரு வீட்டில் பரிசாக வந்து மூன்று கிடக்கிற பிளாஸ்க்கில் ஒன்று, பிளாஸ்க் இல்லாத வீட்டுக்குப் போகும். கொடுத்தவர் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்க.

வாகனத்தை விற்கும்போது மட்டும் அவசரப்படாதீங்க. ஓபன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காசை எண்ணுகிற வேலை வேண்டாம். வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, தேதியும் நேரமும் எழுதிய ஒப்பந்தம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறியதற்கான அத்தாட்சி மூன்றும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கந்தளாயில் யாரையாவது இடித்துவிட்டுப் போவார், பொலிஸ் விலாசம் விசாரித்துக்கொண்டு ஈச்சிலம்பற்றுக்கு வரும்.